கோத்தகிரிச் சரிவில் சைக்கிள் பழக்கிய ஒன்பது மாதம்

போன ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லைனில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணும் அவள் அம்மாவும் ஆளுக்கொரு சைக்கிளில் பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பினார்கள். போக 2.8 கி.மீ., வர 2.8 கி.மீ. மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். அந்த மூன்றும் நாங்களே முன்கூட்டிச் சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்த இடங்கள். வேறெங்கும் கால் ஊன்றவில்லை. திரும்பி வந்ததும் அந்த அம்மா ஸ்டாண்டைப் போட்டார், குனிந்தார், முன் ரிம்மைத் தொட்டுப் பார்த்தார். இறக்கம் இறங்கி வந்தால் ரிம் சூடாகியிருக்கும், தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். "வெதுவெதுன்னுதான் இருக்கு ஃபிட்டர் அண்ணா" என்றார். அன்று சாயந்திரமே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஆறு நாள் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. அந்த ஞாயிறுகளில் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை 14 பிள்ளைகள், 9 அம்மாக்கள், 2 அப்பாக்கள் சைக்கிள் பழகினார்கள். மொத்தச் செலவு 12,196 ரூபாய். அதில் பாதிக்கும் மேல் என் கைக்காசு, மீதி பெற்றோர்கள் போட்டது. வேறொரு மலையூரில் யாராவது இதைத் தொடங்க நினைத்தால், நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களாவது அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.

எல்லாம் என் மகளின் சைக்கிளில் ஆரம்பித்தது. பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் அவளுக்கும் வந்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-06 முதல் எல்லோருக்குமாக விரிந்த திட்டம் அது. கீழே சமவெளியில் அந்த சைக்கிள் எத்தனை பெண்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கியர் இல்லாத 26 அங்குல சைக்கிள். வீட்டு வாசலிலேயே ஏற்றம், அது முடிந்தால் இறக்கம். ஒரு டிசம்பர் மாலை லைனைச் சுற்றி வந்து எண்ணினேன். அவளுடையதோடு சேர்த்து இதே மாதிரி ஐந்து சைக்கிள், கோழிக்கூண்டுக்கு மேல், விறகுக்குப் பின்னால், மழைத்தண்ணீரில் என்று கிடந்தன. வீட்டுக்காரர்களிடம் கேட்டேன். "எடுத்துக்கங்க, துருதான் பிடிக்குது" என்றார்கள். தனியார் வாங்கிக் கொடுத்த சின்ன சைக்கிள் இரண்டும் சேர்ந்தது. மொத்தம் ஏழு.

முதலில் ஓவராயில். ஏழையும் பிரித்துப் போட்டேன். ஃபேக்டரி மெஷினைப் பிரிக்கிற கைக்கு இது பெரிய வேலையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று சைக்கிளில் பால்ரஸ் எல்லாம் கிண்ணத்தோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத்தான் எடுக்க முடிந்தது. டயர் ஐந்து, டியூப் ஆறு, செயின் மூன்று, கேபிள் பதினாலும் புதுசு. எங்கள் ஊர் மூடுபனிக்கு கேபிள்தான் முதலில் போகும். வெளியுறைக்குள் ஈரம் இறங்கி, கம்பி துருவேறி, பிரேக் லீவரைப் பிடித்தால் திரும்பி வராது. புதுக் கேபிளை உறைக்குள் நுழைக்கும் முன் கிரீஸ் தடவிய துணியில் ஒரு முறை இழுத்துவிட்டேன். ஒன்பது மாதமாகியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஏழில் இரண்டு சைக்கிளில் பிரேக் லீவர் இடம் மாறியிருந்தது. வலது கை பின் சக்கரத்துக்கு, இடது கை முன் சக்கரத்துக்கு. மற்ற ஐந்தில் வலது கை முன், இடது கை பின். பிள்ளைகள் சைக்கிளை மாற்றி மாற்றித்தான் ஓட்டப் போகிறார்கள். ஒரே கைக்கு இன்று ஒரு வேலை, அடுத்த வாரம் வேறு வேலை என்றால் ஆபத்து. ஏழையும் ஒரே மாதிரி ஆக்கினேன். அரை நாள் போனது. இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

சைக்கிள் தயார். பழக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

முதல் ஞாயிறு பள்ளிக்கூட மைதானம். சின்ன சைக்கிள் இரண்டுக்கும் பக்கச் சக்கரம் மாட்டினேன். மேடு பள்ளமான தரையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு சின்னப் பள்ளத்தின் மேல் போகும்போது இரண்டு பக்கச் சக்கரமும் இரண்டு கரையில் உட்கார்ந்துகொள்ள, நடுவில் பின் டயர் தரையைத் தொடாமல் தொங்கியது. ஏழு வயதுப் பையன் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான், சைக்கிள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அவன் முகத்தில் இருந்த பயத்தை நான் மறக்கவில்லை. வேலியோரம் நின்ற அவன் பெரியப்பா ஓடிப்போய்ப் பிடித்தார். அன்றைக்கே பக்கச் சக்கரங்களைக் கழற்றி மூட்டையில் கட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு என் மனைவி முறை. அவர் புதுக்கோட்டைக்காரர். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குப் பழக்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். என் மாமியாரும் என் மனைவியும் ஒரே வாடகை சைக்கிளில், ஒரே வாரத்தில் பழகியவர்கள். அம்மா ஓட்டும்போது மகள் கேரியரைப் பிடித்து ஓடுவாள், மகள் ஓட்டும்போது அம்மா ஓடுவார். ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்று பெண்கள் கேட்டு வாங்கியதை இன்றும் சொல்வார். முன் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, பின் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போகலாமே! எங்கள் வகுப்பில் அம்மாக்களும் இருக்க வேண்டும் என்ற யோசனை அவருடையதுதான். நான் பிள்ளைகளை மட்டும்தான் நினைத்திருந்தேன். "அம்மாவுக்கு ஓட்டத் தெரியலைன்னா, பிள்ளை சைக்கிளை எடுக்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு வயித்துல புளி கரைக்கும். ஒரு மழை நாள் போதும், பூட்டி வெச்சிடுவா" என்றார்.

ஆனால் கேரியரைப் பிடித்து ஓடும் முறை எங்கள் மைதானத்தில் எடுபடவில்லை. பத்து மீட்டர் போவதற்குள் சைக்கிள் ஓடுகிறவரைவிட வேகமாகப் போகிறது. பிடித்தவர் கையை விட்டால் பிள்ளை தனியே சரிவில் இறங்குகிறது, விடாவிட்டால் இருவரும் விழுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்பு, என் மனைவிக்கு முட்டியில் வீக்கம். இரண்டு வாரம் நிறுத்தினோம்.

அந்த இரண்டு வாரத்தில்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கொத்தனார் ஒருவரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வாங்கி வந்து மைதானத்தை அளந்தேன். பத்து மீட்டர் நீளத்துக்கு 85 செ.மீ. இறக்கம். பார்வைக்கு அது சமதரை. மலையிலேயே பிறந்து வளர்ந்த கண்ணுக்கு 85 செ.மீ. சரிவு சரிவாகவே படாது. பிறகு ஊரைச் சுற்றி நாலு இடம் அளந்தேன். நாலாவது, பக்கத்துத் தோட்டக்காரர் முன்பு தேயிலை நாற்றங்கால் வைத்திருந்த தட்டு நிலம். 32 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், பத்து மீட்டருக்கு 38 செ.மீ. இறக்கம், மேலே குட்டைப் புல். கடைசி ஆறு மீட்டர் லேசாக மேலே ஏறுகிறது. பிரேக் பிடிக்கத் தெரியாத பிள்ளைகூட அங்கே போய்த் தானே நின்றுவிடும். இடத்துக்காரரிடம் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கொடுத்தார். ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர் பள்ளம், கீழே தேயிலைச் செடி. பதினோரு பழைய லாரி டயரை அந்த ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, இடைவெளியில் காய்ந்த புல் அடைத்த சாக்குகளை வைத்தோம். ஒன்பது மாதத்தில் மூன்று பேர் அந்த டயரில் போய் முட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அடியில்லை.

பிறகு பெடலைக் கழற்றினோம். சீட்டை, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிகிற அளவுக்கு இறக்கினோம். பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடியே நடக்கும், பிறகு எட்டெடுத்து வைக்கும், பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மூன்று எண்ணும் வரை உருளும். மூன்று ஐந்தாகி, பத்தாகும். யாரும் பிடிக்க வேண்டாம், யாரும் ஓட வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் முன் சக்கரத்தையே குனிந்து பார்த்தார்கள். அதனால் தட்டின் மறுமுனையில் ஒரு மூங்கிலில் என் மனைவி சிவப்புத் துண்டைக் கட்டினார். "சக்கரத்தைப் பார்க்காதே, துண்டைப் பார்" என்று சொன்ன நிமிடத்திலேயே பாதிப் பேருக்கு ஹாண்டில் ஆட்டம் நின்றது.

பெடல் கழற்றுவதில் ஒரு நஷ்டம். இடது பெடல் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். எனக்கு அது பழக்கமானதால், உதவிக்கு வந்த பத்தாம் வகுப்புப் பையனிடம் சொல்லத் தோன்றவில்லை. அவன் 15ஆம் நம்பர் ஸ்பானரைப் போட்டு, வராததால் ஸ்பானரில் ஒரு பைப்பையும் மாட்டி, எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறான். பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் மரையே போய்விட்டது. புது இடது கிராங்க் 180 ரூபாய். தப்பு முழுக்க என்னுடையது. இப்போது எல்லா இடது கிராங்கிலும் மஞ்சள் பெயின்ட்டில் திருப்பும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் வரிசையில் ஒரு பிழை இருந்தது. மூன்று வாரம் உருளப் பழக்கிவிட்டு, அதன் பிறகு பிரேக்கைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் பிள்ளைகள் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தக் கற்றுவிட்டார்கள். அது உடம்பில் ஊறிப்போனது. பிறகு பிரேக்கைக் கையில் கொடுத்தாலும் ஆபத்து வந்த கணத்தில் கால்தான் இறங்கியது. தட்டில் அது பரவாயில்லை. ரோட்டு இறக்கத்தில் செருப்புத் தேய்ந்து கால் மடங்கும். முதல் ஆறு பிள்ளைகளிடம் அந்தப் பழக்கத்தை அழிக்கவே ஒரு மாதம் போனது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு முதல் நாள் முதல் பாடமே நிற்பதுதான். சைக்கிளைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், நான் கை தட்டினால் இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து நடந்தபடி, பிறகு உருண்டபடி, தரையில் போட்ட கயிற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். சின்னக் கைக்கு லீவர் எட்டவில்லை. லீவரின் கழுத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை உள்ளே திருகினால் லீவர் ஹாண்டிலுக்குப் பக்கத்தில் வரும். கேபிளையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். பிள்ளையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவைத் தாண்டி லீவரின் மேல் படிந்தால் போதும்.

இனி பிரேக்கைப் பற்றி. என் நோட்டில் அதிகப் பக்கம் இதற்குத்தான் போயிருக்கிறது.

மார்ச்சில் ஒரு நாள் திடீர் மழை. தட்டில் உருண்டு வந்த பிள்ளை கயிற்றுக்கு முன்னால் பிரேக் பிடித்தாள், கயிற்றைத் தாண்டி, மேட்டில் ஏறித்தான் நின்றாள். பிரேக் கட்டை புதுசு, கேபிள் புதுசு, அவள் பிடித்ததும் சரியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் வேலை முடிந்து எஸ்டேட் ரோட்டில் நானே ஓட்டி அளந்தேன். 20 மீட்டர் மேலே சுண்ணாம்புக் கோடு, அங்கிருந்து மிதிக்காமல் உருண்டு கீழ்க் கோட்டில் இரண்டு பிரேக்கையும் பிடிப்பது. ஐந்து தடவை ஓட்டிச் சராசரி எடுத்தேன். காய்ந்த ரிம்மில் 3.4 மீட்டரில் நின்றது. ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டினால் 9.6 மீட்டர். அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. பளபளவென்று முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் வழுக்குகிறது. முதல் சில சுற்று தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடுகிறது, அதற்கப்புறம்தான் பிடிமானமே வருகிறது. மூடுபனியும் தூறலும் இருக்கிற ஊரில், வளைவுக்கு வளைவு பஸ் வருகிற ரோட்டில், அந்த ஆறு மீட்டர் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தோல் போட்டுப் பார்த்தேன். நனைந்த இரும்பு ரிம்முக்கு ரப்பரைவிடத் தோல் நன்றாகப் பிடிக்கும் என்று பெரிய ஃபிட்டர் ஒருவர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. செருப்புத் தைக்கிறவரிடம் 3 மி.மீ. தோல் 80 ரூபாய்க்கு வாங்கி, பிரேக் கட்டை அளவுக்கு வெட்டி, ஒட்டி, ஓரத்தைத் தைத்தேன். நனைந்த ரிம்மில் 6.1 மீட்டர். மனசு குதித்தது. ஆனால் மூன்றாவது ஞாயிறு ஒரு கட்டையில் தோல் பாதி உரிந்து தொங்கியது. தோல் விழுந்த பிரேக்கை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இறக்கத்தில் இருந்தால்? அன்றைக்கே எட்டுத் தோலையும் பிய்த்துப் போட்டேன்.

அடுத்தது அலாய் ரிம், அதாவது அலுமினியக் கலவை ரிம். மேட்டுப்பாளையம் போய், ரோட்டில் ஓடப்போகும் நாலு பெரிய சைக்கிளின் முன் சக்கரத்துக்கு மட்டும் ரிம் வாங்கினேன், ஒன்று 480 ரூபாய். வீட்டுக்கு வந்து, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை எடுத்து வைத்துக் கம்பித் துளைகளை எண்ணினால் ஹப்பில் 32 துளை, ரிம்மில் 36. வாங்கும் முன் எண்ணாமல் போனது என் அவசரம். 32 துளையில் அந்த அளவு அலாய் ரிம் கடையில் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி 33 கி.மீ. மலை இறங்கி, 36 துளை முன் ஹப் நாலு, ஒன்று 150 ரூபாய் என்று வாங்கி வந்தேன். பழைய ஸ்போக்ஸ் கம்பி நீளமும் சேரவில்லை. புதுக் கம்பி நாலு சக்கரத்துக்கும் 576 ரூபாய். ஒரு ஞாயிறு வகுப்பும் போனது.

சக்கரம் கோர்ப்பது எனக்குப் புது வேலை. பழைய சக்கரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் கோர்த்தேன். முதல் சக்கரத்துக்கு மூன்று மணி நேரம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஃபோர்க்கில் சக்கரத்தை மாட்டி, ஃபோர்க் காலில் சாக்பீஸைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால், ரிம் எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியின் நிப்பிளை (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்) கால் சுற்று இறுக்கு, இந்தப் பக்கத்தைக் கால் சுற்று தளர்த்து. நான் முதலில் அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று அவசரப்பட்டு ஒரு பக்கக் கோட்டத்தை மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். கால் சுற்றுக்கு மேல் போகாமல் இருந்தால் பொறுமையாக வழிக்கு வருகிறது. நாலாவது சக்கரம் ஒரு மணி பத்து நிமிடம். கோட்டம் ஒரு மி.மீ.க்குள்.

அதே கோடு, அதே வாளித் தண்ணீர். நனைந்த அலாய் ரிம்மில் 4.7 மீட்டர், காய்ந்து 3.1. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்தோம். மழையோ மூடுபனியோ இருந்தால், இறக்கத்துக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டபடி வந்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, பின் பிரேக் ஒரு கணம் முந்தட்டும். இதை எல்லோரும் தட்டில் வாளித் தண்ணீரோடு பத்துத் தடவையாவது செய்த பிறகுதான் ரோடு.

ஏற்றத்துக்கும் ஒரு சின்ன மாற்றம். சைக்கிள்களில் முன்னால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின் சக்கரத்தில் 18 பல் ஃப்ரீவீல். பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து மீட்டர் போகும். சமவெளிக்கு அது சரி. மூன்று சைக்கிளில் 22 பல் ஃப்ரீவீல் மாட்டினேன், ஒன்று 180 ரூபாய். ஒரு சுற்றுக்கு நாலு மீட்டர் சொச்சம். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு முந்தைய ஏற்றத்தில் என் மகள் முன்பு 40 மீட்டரில் இறங்கிவிடுவாள், இப்போது முழு ஏற்றத்தையும் உட்கார்ந்தே ஏறுகிறாள். கியர் சைக்கிள் வாங்கப் பணம் இல்லாத வீட்டுக்கு இந்த 180 ரூபாய் பெரிய உதவி.

அம்மாக்கள் ஏப்ரலில் வந்தார்கள். வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, ஞாயிறு துணி துவைத்து முடித்து, மூன்று மணிக்குத்தான் வர முடியும். ஐந்து மணிக்கு முடித்தாக வேண்டும், அதற்கு மேல் தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் நடமாட ஆரம்பித்துவிடும். ஆக வாரம் இரண்டு மணி நேரம். நான் அந்த வகுப்பில் தட்டின் ஓரத்தில் ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பேன், பழக்கியது முழுக்க என் மனைவி. முதல் நாள் மூன்று பேர்தான் வந்தார்கள், வேடிக்கை பார்க்கிற ஆண்களைக் கண்டு இருவர் திரும்பிப் போனார்கள். அடுத்த வாரம் என் மனைவி வேலியோரம் நின்றவர்களிடம் போய், "பார்க்கிறதுன்னா உள்ளே வந்து டயரைத் தூக்கி வைங்க, இல்லேன்னா வீட்டுக்குப் போய்ச் சோறு வடிங்க" என்றார். இரண்டு பேர் உள்ளே வந்து டயர் தூக்கினார்கள். அவர்கள்தான் பிறகு பழகிய அந்த இரண்டு அப்பாக்கள். அவர்களுக்கும் அதுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது, வெளியே சொன்னதில்லை.

பெரியவர்களுக்கு விழுகிற பயம் அதிகம், ஆனால் பிரேக் பிடிக்கச் சொன்னால் உடனே பிடிக்கிறார்கள். பிள்ளைகளில் வேகமாகப் பழகியவன் இரண்டு ஞாயிறு, அதிக நாள் எடுத்தவள் ஏழு. அம்மாக்களில் நாலு முதல் பதினொன்று வரை. புடவையோடு பழக வந்தவருக்கு முந்தானை செயினில் மாட்டியதால், செயின் கவர் இல்லாத சைக்கிள்களுக்கு ஃபேக்டரியில் கிடந்த தகட்டை வெட்டி வளைத்து மாட்டினேன். பதினொரு ஞாயிறு எடுத்தவருக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பதாவது வாரம் வரை இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பவே இல்லை. பத்தாவது வாரம் அவருடைய மகன், ஆறாம் வகுப்பு, துண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு "அம்மா, என்னைப் பாரு" என்றான். உருண்டு வந்து அவன் மேலேயே மோதி, இருவரும் புல்லில் விழுந்து, எழுந்து, மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்கு அவருடைய அம்மா ஞாபகம்.

ரோட்டுக்கு ஜூலையில்தான் போனோம். தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் கொட்டுகிற அளவுக்கு எங்கள் பக்கம் கொட்டாது. எங்களுக்கு மழை அக்டோபரில் வடகிழக்கோடுதான் வரும். அதற்கு முன் முடிக்க வேண்டும். 2.8 கி.மீ.யையும் முதலில் நடந்தோம், பிள்ளையும் அம்மாவுமாக. எதிரே வரும் வண்டி எங்கே தெரியாது, எங்கே ஜல்லி சிதறிக் கிடக்கிறது, எங்கே ஓடைத் தண்ணீர் ரோட்டில் வழிகிறது என்று அவர்களே சொல்ல, நான் சுண்ணாம்பில் குறித்தேன். இரண்டு கொண்டை ஊசி வளைவும், பாலத்துக்கு முந்தைய செங்குத்தான 600 மீட்டரும் இறங்கித் தள்ளும் இடங்கள் என்று முடிவானது. மலை ரோட்டில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பதையும் பிள்ளைகளுக்கு அங்கேயே சொன்னோம். நாம் இறங்கும்போது பஸ் ஏறி வந்தால் நாம்தான் ஓரங்கட்டி நிற்க வேண்டும்.

பெரியவர் முன்னால் போய் வழிகாட்டுவார் என்றுதான் நான் வைத்திருந்தேன். முதல் நாளே அது சரிப்படவில்லை. அம்மா ஐந்து மீட்டருக்கு ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்க்கிறார், திரும்பும் பக்கமெல்லாம் சைக்கிளும் திரும்புகிறது. மாற்றினோம். பிள்ளை முன்னால், அம்மா பின்னால், கொஞ்சம் வலப்புறம் தள்ளி. பிள்ளை கண்ணிலேயே இருக்கிறது, பின்னால் வரும் வண்டிக்கு முதலில் அம்மாதான் தெரிகிறார். "பிரேக் தொடு", "ஓரம்", "இறங்கு" என்று மூன்றே சொல். வேறு எதுவும் பேசுவதில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிளம்பும் முன் பார்க்க வேண்டியதையும் பழக்கினோம். டயரைக் கட்டை விரலால் அழுத்து, பிரேக் கட்டை ரிம்மில் முழுசாகப் படுகிறதா என்று குனிந்து பார், முன் சக்கரத்தை முட்டிக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருப்பிப் பார், செயினைத் தொடு. இதை அப்பாக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹெல்மெட் ஆறு வாங்கியதில் 4,200 ரூபாய் போனது. மொத்தச் செலவில் அதுதான் பெரிது, அதில் குறைக்க எனக்கு மனமில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல், தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல்.

அடுத்த ஜனவரியில் மாற்றப் போவது சில உண்டு. டியூப் லெவல் முதல் நாளே வரும். 20 அங்குல சைக்கிள் இன்னும் இரண்டு வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே இருந்த மூன்று பிள்ளைகள் சீட்டை எவ்வளவு இறக்கியும் கால் எட்டாமல், இருக்கிற இரண்டு சின்ன சைக்கிளுக்குக் காத்திருந்தே பாதி ஞாயிறைக் கழித்தார்கள். மீதி மூன்று சைக்கிளின் முன் ரிம்மையும் அலாய்க்கு மாற்ற வேண்டும், இந்த முறை துளையை எண்ணிவிட்டு. பின் ரிம்மை இன்னும் தொடவில்லை, அதற்கும் அளவெடுத்துப் பார்க்க ஆசை. ஆறாவது வாரத்தில் நின்றுபோன இரண்டு அம்மாக்களின் வீட்டுக்கு என் மனைவி போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார்.

நேற்று கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. ஏழு சைக்கிளையும் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஆறைக் கொழுந்துச் சாக்கு வைக்கும் ஷெட்டில் இரண்டு அடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். என் மகளுடையது மட்டும் வாசலில் நிற்கிறது. மழை விட்ட நாட்களில் எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், ரிம் துடைக்கப் பையில் ஒரு துணியும் வைத்திருக்கிறாள்.